கூண்டில் போட்ட மரச்சுருள்

தென்கோடித் தீவு ஊரான கெயோனில் எலி என்று சொன்னால் யாருக்கும் சிரிப்பு வராது. கோடை வந்ததும் ரேடியோவில் ஹாண்டா காய்ச்சல் பேச்சுத்தான். எவனோ பூட்டிக் கிடந்த விறகுக் கொட்டகையைத் திறந்து பெருக்கினானாம், காட்டெலி மூத்திரம் காய்ந்த தூசி மூக்கில் ஏறியதாம், கொஞ்ச நாளில் ஆளே இல்லையாம். இப்படிப்பட்ட ஊருக்குப் பெற்ற மகளே இரண்டு எலிகளைக் கூண்டில் போட்டு, பஸ்ஸில் மடியில் வைத்துக் கொண்டுவந்து, சாப்பிடுகிற மேசைமேல் வைத்தால் தகப்பன் என்ன செய்வான்? தச்சர் ரோசமெல் வானத்துக்கும் பூமிக்குமாகக் குதித்தார்.

“உனக்குப் புத்தி கித்தி கெட்டுப்போச்சா? ஊரே எலியக் கண்டா ஓடுது, நீ காசு குடுத்து வாங்கிட்டு வந்திருக்கே!”

“இது காட்டெலி இல்லப்பா. கூண்டுலயே பிறந்து கூண்டுலயே வளர்ந்தது. நாய்க்குட்டி மாதிரி” என்றாள் யாஸ்னா.

“எலின்னா எலிதான்!”

“சரி. அப்ப நானும் இதுங்களும் வேற இடம் பாத்துக்கறோம்.”

அதோடு அவர் வாய் மூடிக்கொண்டது. மனைவி நெல்தா போன குளிர்காலத்துக்கு முந்தின குளிர்காலத்தில் செத்துப்போனாள். அந்த வீட்டில் அவருக்கு மிச்சம் இருந்தது இந்த ஒரே மகள். அவளுக்கும் சால்மன் மீன் பண்ணையில் வேலை, இரண்டு வாரம் கடலில் மிதக்கிற மேடையில், இரண்டு வாரம் கரையில். அவளோடு வேலை செய்கிற பெண்கள் துறைமுகத்துப் பக்கம் அறை எடுத்துத் தங்கியிருந்தார்கள். தாய் செத்ததிலிருந்து இவளும் போகிறேன் போகிறேன் என்று சொல்லிக்கொண்டுதான் இருந்தாள். அவள் போய்விட்டால் அந்த வீட்டில் தனியாக உட்கார்ந்து சூப் குடிக்க வேண்டியதுதான் என்று நினைத்தாலே ரோசமெல் எழுந்து பட்டறைக்குப் போய்விடுவார். எலி என்ன, புலியைக் கொண்டுவந்திருந்தாலும் கடைசியில் சரி என்றிருப்பார்.

சாம்பல் நிறத்துக்கு மோத்தா என்று பெயர். வெள்ளையில் பழுப்புப் புள்ளி விழுந்தது பெக்கா. இரண்டும் பெட்டைகள்.

கடலுக்குக் கிளம்பும் நாளில் யாஸ்னா அவரைக் கூண்டுக்கு முன்னால் உட்காரவைத்துப் பாடம் நடத்தினாள். “கீழ விரிக்க இந்தத் துணிதான். ஈரமானா மாத்திடுங்க. துணி காயலேன்னா அச்சடிக்காத காகிதத்தைப் பொடிசா கிழிச்சுப் போடுங்க. உங்க பட்டறை மரச்சுருள் மட்டும் போட்டுடாதீங்க.”

“ஏன், என் மரத்துக்கு என்ன கேடு?”

“அதுங்க நெஞ்சுக்கு ஆகாதுப்பா.”

“அடி இவளே! ஊர் மொத்தமும் என் சுருள மூட்டை கட்டி வாங்கிட்டுப்போய் அலமாரில போடுது. பூச்சி அண்டாது, பூஞ்சை பிடிக்காது, நாத்தம் வராது. சேத்துல நட்டு வச்சாலும் உளுத்துப்போகாத மரம் சிப்ரேஸ். பெரிய மனுஷங்க வீட்டுத் துணிக்கு ஆகுது, உன் எலிக்கு ஆகாதாக்கும்!”

யாஸ்னா அவரை ஒரு பார்வை பார்த்தாள். ஏதோ சொல்ல வாயெடுத்தாள். பிறகு, “சொன்னதச் செய்யுங்கப்பா” என்று மட்டும் சொல்லிவிட்டுப் பையைத் தூக்கிக்கொண்டு படகுத்துறைக்குப் போனாள். மகள் வாயை அடைத்துவிட்டோம் என்று மனுஷனுக்கு உள்ளூர ஒரு குளிர்ச்சி. என்னத்தைச் சொல்ல!

அது மழை விடாத மாதம். துவைத்த துணி அடுப்புக்கு மேலே கொடியில் தொங்கித் தொங்கி, காயாமல் புளித்த வாடை அடித்தது. கிழித்துப் போட்ட காகிதம் ஒரே நாளில் கூழாகிவிடும். அதைக் கையால் அள்ளிக் கொட்டும்போதெல்லாம் ரோசமெலுக்கு எரிச்சல் பற்றிக்கொண்டு வந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் பட்டறை, நடுவில் ஒரே கதவு. கதவைத் திறந்தால் முழங்கால் உயரத்துக்குச் சுத்தமான சுருள் காய்ந்து கிடக்கிறது, பொன் நிறத்தில், மணக்க மணக்க. அதை விட்டுவிட்டு இந்தக் கூழை அள்ளுவதற்கு நான் என்ன பைத்தியக்காரனா என்று கேட்டார். எலிகளைத்தான் கேட்டார், வீட்டில் வேறு யார் இருக்கிறார்கள்?

துணியை ஓர் ஓரமாகச் சுருட்டிப் போட்டார். புதுப் பலகை ஒன்றில் இழைப்புளியை ஓட்டி, வைரம் பாய்ந்த நடுமரத்திலிருந்து, நீளநீளமாய் மெல்லிய சுருளாய் இழைத்து எடுத்தார். விற்கிற சுருளைக்கூட அவர் அப்படி இழைத்ததில்லை. கூண்டு நிறையப் போட்டார்.

அடடா, அந்த எலிகளுக்கு வந்த சந்தோஷத்தைப் பார்க்க வேண்டுமே! உள்ளே புகுந்து, குடைந்து, சுரங்கம் வெட்டி, ஒரு பக்கம் மூக்கும் இன்னொரு பக்கம் வாலுமாக விளையாடின. பெக்கா ஒரு சுருளைக் கிரீடம்போல் தலையில் மாட்டிக்கொண்டு எட்டிப் பார்த்தது. ரோசமெல் வாய்விட்டுச் சிரித்தார். தன் சிரிப்புச் சத்தம் தனக்கே கேட்டு, அட, நாம் இப்படிச் சிரித்து எத்தனை காலமாயிற்று என்று நினைத்துக்கொண்டார்.

அன்றிலிருந்து மனுஷன் எலிகளுக்கு அடிமை. காலையில் மாத்தே இலைத் தேநீர் உறிஞ்சிக்கொண்டே அவற்றோடு ஊர் வம்பு பேசுவார். உருளைக்கிழங்கு ரொட்டியில் பன்றிக் கொழுப்பு படாத ஓரமாகப் பார்த்துப் பிய்த்துக் கொடுப்பார். பெக்கா அவர் கழுத்து மடிப்பில் ஏறிப் படுத்துக்கொள்ளும். மோத்தாவுக்குக் கொஞ்சம் திமிர், கூப்பிட்டால்தான் வரும். “வாடி மகாராணி” என்று கெஞ்சுவார்.

மேடையில் சிக்னல் கிடைத்த நாளில் யாஸ்னா போன் செய்தாள்.

“எப்படிப்பா இருக்குதுங்க?”

“அதுங்களுக்கென்ன, ராஜ வாழ்க்கை. உன்னை மறந்தே போச்சு.”

“துணியெல்லாம் காயுதா?”

“காயுது, காயுது” என்றார். மகளிடம் பொய் சொல்கிறோமே என்று உறுத்தத்தான் செய்தது. வந்து பார்த்து அவளே அசந்துபோவாள் என்று மனசைத் தேற்றிக்கொண்டார்.

தும்மல் முதலில் மோத்தாவுக்கு வந்தது. பிறகு பெக்காவுக்கும். சின்னத் தும்மல், கேட்டால் சிரிப்புக்கூட வரும். குளிர் என்று நினைத்தார் ரோசமெல். அந்தக் குளிரில் யாருக்குத்தான் சளி பிடிக்காது? கூண்டை அடுப்புக்கு அருகில் நகர்த்தினார். சுருளை இரண்டு மடங்காகப் போட்டார். காற்று புகாமல் மேலே கம்பளியைப் போட்டு மூடினார்.

நெல்தா இருமியபோதும் அவர் இதைத்தான் செய்தார். கட்டிலைப் பட்டறைச் சுவரோரம், கணகணவென்று இருக்கிற இடத்துக்கு மாற்றிப் போட்டார். ஜன்னலை இறுக அடைத்தார். சிப்ரேஸ் வாசம் நெஞ்சைத் திறக்கும் என்று பொடிச் சுருளைப் பஞ்சுபோல் அடைத்து அவளுக்கென்று ஒரு தலையணை செய்து கொடுத்தார். ஈரமும் குளிரும்தான் அவளைக் கொண்டுபோயிற்று என்பதில் அவருக்குச் சந்தேகமே கிடையாது. இந்த முறையாவது விடக்கூடாது என்று ஒரு வெறி அவருக்கு.

தும்மல் நிற்கவில்லை. மூச்சு விடும்போது உள்ளே ஏதோ நறநறவென்றது. ஒரு காலை கம்பளியை விலக்கியபோது மோத்தாவின் கண்ணைச் சுற்றியும் மூக்கிலும் சிவப்பாக வழிந்து காய்ந்திருந்தது. 

அந்த நேரம் பார்த்துத்தான் ஊரார் மரியாதைக்கு தோன்யா என்று கூப்பிடுகிற பக்கத்து வீட்டு எதுலியா, வாங்கிப்போன பாத்திரத்தைத் திருப்பிக் கொடுக்க வந்து சேர்ந்தாள். கூண்டை எட்டிப் பார்த்தவள் பின்னாலேயே நடந்து வாசல்படிக்குப் போய்விட்டாள்.

“ஐயோ, ரத்தம்! ஹாண்டா வந்துடுச்சு தோன் ரோசமெல்! கூண்டோட கொண்டுபோய்க் கடல்ல போடுங்க!”

“முதல்ல உங்க வாயக் கொண்டுபோய்க் கடல்ல போடணும்.”

“நல்லதுக்குச் சொன்னா இப்படித்தான். நாளைக்கு உங்களத் தூக்கிட்டுப் போறப்ப நான் வரமாட்டேன், சொல்லிட்டேன்!”

“வராதீங்க. நிம்மதியா போவேன்.”

அவள் கதவை அறைந்து சாத்திக்கொண்டு போனாள். ரோசமெல் பட்டறைக்குள் ஓடி, இருக்கிறதிலேயே வாசமான பலகையை எடுத்து, புதிதாக இழைத்துக் கொண்டுவந்து போட்டார். பாவி மனுஷன், அவருக்குத் தெரிந்த வைத்தியம் அது ஒன்றுதான்.

மறுநாள் விடிந்தபோது மோத்தா சுருளுக்குள் பாதி புதைந்து கிடந்தது. வாய் திறந்திருந்தது. மூச்சுக்கு அலைந்து அலைந்து செத்திருக்கிறது. நெல்தாவின் வாயும் அப்படித்தான் திறந்திருந்தது என்று அவருக்கு நினைவு வந்தது. உட்கார்ந்து அழுதார். ஒரு எலிக்காக அழுகிறோம் என்ற வெட்கம்கூட வரவில்லை. பெக்கா மூலையில் குன்றிப்போய், விலா இரண்டும் உள்ளே இழுக்க இழுக்க மூச்சு விட்டது. மகள் வருவதற்கு இன்னும் கொஞ்ச நாள்தான் இருந்தது. இதுவும் போய்விட்டால் அவள் இந்த வாசலில் நிற்கக்கூட மாட்டாள். பெக்காவைச் சட்டைக்குள் விட்டு, மேலே மழைக்கோட்டை மாட்டிக்கொண்டு மிருக டாக்டரிடம் ஓடினார்.

டாக்டர் கொன்ஸ்தான்சா ஆட்டுக்கும் நாய்க்கும் பார்க்கிறவள். எலியைப் பார்த்து முகம் சுளிக்கவில்லை. கையில் எடுத்து, காதோடு வைத்து, கண்ணை மூடிக் கேட்டாள்.

“நெஞ்சு பூரா கெட்டிருக்கு. கீழ என்ன விரிக்கிறீங்க?”

“ஒண்ணாந்தரம் சிப்ரேஸ் சுருள், டாக்டர். நானே இழைச்சது. வேற குப்பை எதுவும் போடறதில்ல” என்றார் ரோசமெல். அந்த நிலைமையிலும் குரலில் ஒரு பெருமை.

டாக்டர் பெக்காவை மெதுவாகத் துணிமேல் விட்டாள். “தோன் ரோசமெல், அந்த வாசம் எங்கிருந்து வருது? மரத்துல இருக்கிற எண்ணெய்லேர்ந்து. அந்த எண்ணெய்தான் பூச்சியக் கொல்லுது. பூச்சியக் கொல்றது இத்தனூண்டு ஜீவனை மட்டும் விட்டு வைக்குமா? மனுஷனுக்கு மேசை உயரத்துல அடிக்கிற வாசம். இது அதுக்குள்ளயே படுத்து, அதையே மூச்சா இழுக்குது. மேல மூடி வேற வச்சிருந்தீங்களா?”

“குளிருமேன்னு...”

“மூடினா இன்னும் மோசம். மூத்திரத்தோட காரமும் உள்ளயே சுத்தும். அந்தச் சிவப்பு ரத்தம் இல்ல. உடம்புக்கு முடியலேன்னா எலிக்கு அப்படி வழியும். மருந்து தரேன். பழைய பருத்தித் துணி போடுங்க, காகிதம் போடுங்க. மரத்த விட்டுத் தள்ளி வையுங்க, அதுதான் முக்கியம்.”

ரோசமெல் மருந்தை வாங்கிக்கொண்டார். கதவு வரைக்கும் போனவர் திரும்பி வந்தார்.

“மனுஷங்களுக்கு டாக்டர்? மனுஷங்களுக்கு இது ஒண்ணும் பண்ணாதில்ல?”

“சிலருக்கு ஒண்ணும் பண்ணாது. சிலருக்கு அந்தத் தூளும் வாசமும் ஆகவே ஆகாது, மூச்சிழுப்பு வந்துடும். ஏன் கேக்கறீங்க?”

“சும்மாத்தான்” என்றார். தெருவில் மழை கொட்டியது. எந்த வழியாக வீட்டுக்கு வந்தார் என்று அவருக்கே தெரியாது.

வந்ததும் மோத்தாவைக் கொல்லையில் புதைத்துவிட்டு, கூண்டில் இருந்த சுருளை எல்லாம் வாரி அடுப்பில் போட்டார். கூண்டைச் சுடுதண்ணீரில் கழுவினார். பருத்தித் துணிக்கு அலமாரியைத் திறந்தால் நெல்தாவின் இரவு அங்கி கிடந்தது, துவைத்துத் துவைத்து மிருதுவானது. எடுத்து முகர்ந்தார். சிப்ரேஸ். சட்டை, போர்வை, மேசைவிரிப்பு, எதை எடுத்தாலும் சிப்ரேஸ். சுவர் அந்த மரம், தரை அந்த மரம், கூரைச் சட்டம் அந்த மரம். மரத்தை விட்டுத் தள்ளி வையுங்கள் என்றால் இந்த வீட்டில் எங்கே தள்ளி வைப்பது? தன் கையாலேயே கட்டிய வீட்டின் நடுவில், எலிக்கூண்டைக் கையில் வைத்துக்கொண்டு, வைக்க ஓர் இடம் இல்லாமல் நின்றார்.

கடைசியில் எதுலியா வீட்டுக் கதவைத்தான் தட்டினார். அது சிமெண்டுக் கல் வீடு.

“ஒரு மூலை குடுங்க தோன்யா. ஹாண்டா இல்லேன்னு டாக்டரம்மாவே சொல்லிட்டாங்க. என் மரந்தான் அதக் கொல்லுதாம். மகள் வர்ற வரைக்கும் இது உயிரோட இருக்கணும். உங்களக் கையெடுத்துக் கும்பிடறேன்.”

முந்தின நாள் சண்டை போட்டவள்தான். ஒரு பேச்சு திருப்பிக் கொடுப்பாள் என்று அவர் தலையைக் குனிந்து நின்றார்.  கூண்டை அவளே வாங்கி, ஜன்னலோரம் இருந்த ஒரு பழைய நாற்காலியின்மேல் வைத்தாள். தன்னுடைய பழைய பருத்தி உள்பாவாடை ஒன்றைக் கிழித்து உள்ளே விரித்தாள். பெக்கா அதில் சுருண்டுகொண்டது.

“நெல்தா உக்கார்ற நாற்காலி இது” என்றாள் எதுலியா.

“நெல்தாவா? இங்கயா?”

“மத்தியானமானா பின்னற நூலத் தூக்கிட்டு வந்துடுவா. பின்னறதுக்கெல்லாம் இல்ல. மூச்சு விடத்தான் வருவா. இங்க உக்கார்ந்தா கொஞ்ச நேரத்துல இருமல் அடங்கிடும். நீங்க பட்டறைய மூடற நேரத்துக்கு எழுந்து போயிடுவா.”

ரோசமெல் அந்த நாற்காலியைத் தொட்டுப் பார்த்தார். “மரந்தான்னு அவளுக்குத் தெரியுமா?”

“தெரியாம என்ன? ‘அவர்கிட்ட மூச்சு விடாதே எதுலியா, தெரிஞ்சா அந்த மனுஷன் மரத்தத் தொட மாட்டார், அப்புறம் எதை வச்சுப் பொழைப்பார்’னு சத்தியம் வாங்கிட்டா. அந்தத் தலையணையப் பத்தியும் சொல்லுவா. ‘ராத்திரியெல்லாம் எனக்காக உக்கார்ந்து செஞ்சிருக்கார், எப்படி வேண்டாங்கறது’ன்னு. நானும் பாவி, வாய மூடிட்டேன். என் வாய்தான் உங்களுக்குத் தெரியுமே, அந்த ஒரு விஷயத்துலதான் மூடினேன்.”

அவள் முந்திக்கொண்டு அழுதாள். ரோசமெலுக்கு அழுகை வரவில்லை. பட்டறைக்குப் போய், இழைப்புளியைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டுக் கீழே வைத்தார். வேலை ஓடவில்லை.

யாஸ்னா வந்த அன்று மழை கொஞ்சம் விட்டிருந்தது. மேசைமேல் கூண்டு இல்லை. அவள் அப்பாவின் முகத்தைப் பார்த்தாள்.

“ரெண்டுமா?”

“மோத்தா மட்டும். பெக்கா எதுலியா வீட்ல. மருந்து குடுக்கறோம், சாப்பிடுது.” அவர் அவளுடைய பையை வாங்கிக் கீழே வைத்தார். “சுருள் போட்டேன். நீ சொல்லியும் போட்டேன். துணி காயுதுன்னு உங்கிட்டப் பொய் சொன்னேன்.”

அவள் நாற்காலியில் உட்கார்ந்தாள். திட்டுவாள் என்று பார்த்தார். திட்டியிருந்தால் தேவலை.

“உங்கம்மாவும் அதனாலதான்” என்றார். “உனக்கும் தெரியுமா?”

“தெரியும்ப்பா.”

“ஏன் எங்கிட்டச் சொல்லல?”

“சொன்னேனே. ஜன்னலத் திறங்கன்னேன். பட்டறைய வேற இடத்துக்கு மாத்துங்கன்னேன். காத்துல அவளுக்குக் குளிரும்னு நீங்கதான் சண்டைக்கு வந்தீங்க. அப்புறம் அம்மாவே வேண்டாம்னுட்டா. செத்தப்புறம் சொல்லி என்ன ஆகப்போகுது?”

சொல்லிக்கொண்டே வந்தவளுக்கு இருமல் வந்தது. கையை வாயில் வைத்து அடக்கப் பார்த்தாள். அடங்கவில்லை. உள்ளே நறநறவென்ற சத்தம் அவருக்குக் கேட்டது. அந்தச் சத்தம் அவருக்கு இப்போது நன்றாகத் தெரியும்.

“இது எத்தனை நாளா?” என்று கேட்டார்.

“ஒண்ணுமில்ல. வீட்டுக்கு வந்தா மட்டும் வரும். கடல்ல இருக்கறப்ப இருக்காது.”

“அதுக்குத்தான் அந்த வேலைல சேர்ந்தியா?”

அவள் காலணியைக் கழற்றக் குனிந்துகொண்டாள்.

“பின்ன ஏன்டி இங்கயே இருந்தே? போறேன் போறேன்னு சொன்னியே, ஏன் போகல?”

“நீங்க தனியா இருப்பீங்களேப்பா.”

ரோசமெல் எழுந்தார். அவள் அறைக்குப் போய் அலமாரியைத் திறந்தார். அவளுடைய பதினைந்தாம் பிறந்தநாளுக்கு அவரே செய்து கொடுத்த அலமாரி. துணிகளை வாரி வாரிப் பிளாஸ்டிக் மூட்டைக்குள் திணித்தார். கம்பளிச் சட்டை, காலுறை, மழைக்கோட்டு, எதையும் மடிக்கவில்லை. யாஸ்னா கதவோரம் வந்து நின்றாள்.

“என்னப்பா பண்றீங்க?”

“துறைமுகத்துப் பக்கம் அறை கிடைக்கும்னியே. இன்னிக்கே போயிடு. எலிய எடுத்துக்கோ. சிமெண்டு வீடா பாத்துக்கோ. இந்தத் துணி எல்லாத்தையும் போன உடனே துவை. ஒரு தரம் போதாது, வாசம் போற வரைக்கும் துவை.”

“நாளைக்குப் போறேன்ப்பா. இன்னிக்கு உங்களோட சாப்பிட்டுட்டு...”

“வேண்டாம். இன்னிக்கே.”

மூட்டையின் வாயை இறுக்கிக் கட்டினார். முடிச்சு சரியாக விழவில்லை, அவிழ்த்து மறுபடி கட்டினார். வாசல் வரைக்கும் தூக்கிக்கொண்டுபோய் வைத்தார். எதுலியா தன் வீட்டு வாசலில் கூண்டோடு நின்றிருந்தாள். யாஸ்னா படியில் நின்று திரும்பி, அழுதுகொண்டே அவரைக் கட்டிப்பிடிக்க வந்தாள்.

ரோசமெல் பின்னால் நகர்ந்துகொண்டார்.

“கிட்ட வராதேம்மா” என்றார். “சட்டையெல்லாம் மரத்தூள்.”